ஒரே கரை, ஒரே காலை, ஆளுக்கொரு படம்

தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கொஞ்ச நேரத்தில் தருவைகுளம் வந்துவிடும். ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் கடல். கேமரா தூக்குகிறவர்களுக்கு இதைவிட ஒரு இடம் வாய்க்குமா? எனக்குத் தெரிந்து இந்தக் கடற்கரையில் இல்லை. அடித்துச் சொல்வேன்.

எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கும் படம் எடுப்பது தொழில் கிடையாது. துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன், பள்ளிக்கூட டீச்சர், மருந்துக்கடைக்காரர், கல்லூரிப் பையன்கள், நான். விடிகாலையில் ஒன்றாகக் கரையில் இறங்குவோம். வெயில் ஏறியதும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, எடுத்ததை ஒருவருக்கொருவர் காட்டுவோம். ஒருவர் படம் மாதிரி இன்னொருவருடையது இருக்கவே இருக்காது! அது எப்படிக் கிடைத்தது என்று அவரவர் சொல்லும் கதை இருக்கிறதே, அதைக் கேட்பதற்காகவே தூக்கத்தை விட்டுவிட்டு ஓடலாம்.

டீச்சரின் உப்புப் படத்தைச் சொல்கிறேன். வெள்ளை வெளேரென்ற உப்பு அம்பாரத்தைப் படம் எடுத்தால் அழுக்குச் சாம்பலாக விழும். கேமராவுக்குள் இருக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கணக்குப் போடுவதுதான் காரணம். அவ்வளவு வெள்ளையைக் கண்டதும் வெளிச்சத்தைத் தானாகக் குறைத்துவிடும். அதனால் டீச்சர் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், சில நேரம் ஒன்றரை ஸ்டாப் கூட்டி வைப்பார். ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டிவிடாமல் கவனித்துக்கொள்வார். பளிச்சென்று உப்பு உப்பாக வந்து நிற்கும்.

அதைவிட அருமையான படம் ஒன்று அவரிடம் இருக்கிறது. அதற்குக் காரணம் அளத்தில் உப்பு வாரும் ஒரு அக்கா. "யம்மா, இப்ப எடுத்தா என்ன தெரியும்? வெயில் ஏறட்டும், பாத்தி பூத்துக் கெடக்கும், அப்ப வாங்க" என்று சொல்லியிருக்கிறார். டீச்சர் மத்தியானம் வரை காத்திருந்து, மேக்ரோ லென்ஸோடு பாத்தி ஓரத்தில் குப்புறப் படுத்துவிட்டார். தண்ணீரின் மேல் உப்புப் படிகங்கள் மிதக்கின்றன. ஒவ்வொன்றும் குழிந்த சதுரக் கிண்ணம், ஓரம் படிப்படியாகச் செதுக்கினாற்போல. கடுகளவு இருக்கும். விளிம்புகள்தான் முதலில் வளரும், நடுப்பகுதி பின்தங்கிவிடும். அதனால்தான் அந்தக் குழிவு. அந்த அக்கா சொல்லியிருக்காவிட்டால் யார் கண்ணிலும் அது பட்டிருக்காது.

கல்லூரிப் பையன் ஒருவன் காட்டிய இளஞ்சிவப்புப் பாத்தியைப் பார்த்துவிட்டு எல்லோரும் "எடிட்டிங்கா?" என்று கேட்டார்கள். ஒரு பொட்டு எடிட்டிங் கிடையாது. உப்புநீர் இறுகும்போது டுனாலியெல்லா என்ற நுண்பாசியும் உப்பை விரும்பும் நுண்ணுயிர்களும் பெருகித் தரும் நிறம் அது. மேலே வானம் பிரதிபலிப்பதால் நம் கண்ணுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். பையன் போலரைசர் ஃபில்டரைத் திருப்பிப் பிரதிபலிப்பை வெட்டிவிட்டான், அவ்வளவுதான்! பூநாரையின் சிவப்புக்கும் இதோடு உறவு உண்டு. அது தின்னும் பாசியிலும் சிற்றுயிர்களிலும் இருக்கும் கரோட்டினாய்டு நிறமிதான் இறகில் ஏறுகிறது. பறவை வந்திறங்கும் நாட்களில் மருந்துக்கடைக்காரர் வரப்போரம் உட்கார்ந்தால் அசைய மாட்டார். துரத்தினால் கிடைப்பது பறந்துபோகும் முதுகுதான் என்பார். லென்ஸைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்திவைத்து, பறவை தலைகீழாக அலகைத் தோய்த்து மேய்ந்தபடி தானாகப் பக்கத்தில் வரும்வரை காத்திருப்பார். என்ன பொறுமை!

அவர் எடுப்பதெல்லாம் கறுப்பு வெள்ளை. பூநாரையைக்கூடவா என்று கேட்டால் மா. கிருஷ்ணனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912ல் திருநெல்வேலியில் பிறந்தவர். யானையையும் மானையும் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைத் தானே சேர்த்து ஒரு கேமரா செய்து அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்தார். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986ல்தான். அதுவரை நாங்களும் திருநெல்வேலி மாவட்டம். அந்த வகையில் கிருஷ்ணன் எங்கள் ஊர்க்காரர். இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது.

கரைக்கு வருகிறேன். கிழக்கு பார்த்த கடல் என்பதால் காலையில் சூரியன் நேர் முகத்தில் அடிக்கும். படகு, ஆள், வலை எல்லாமே நிழலுருவமாகிவிடும். அது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் துறைமுகத்து அண்ணன் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்பவர். பருவலையில் வந்த சூரை மீன்களைச் சுற்றி ஏலம் நடக்கும்போது எல்லா முகங்களிலும் அந்த மஞ்சள் வெயில் விழுகிறது. அவருக்கு அதுதான் வேண்டும். சூரையின் முதுகில் இருக்கும் நீல மினுமினுப்பு வெகு நேரம் தங்காது, மங்கிவிடும். நேர் வெயிலில் அது வெள்ளைத் தெறிப்பாகப் போய்விடும் என்பதால், பக்கத்தில் ஒருவரை வெள்ளைத் துண்டை விரித்துப் பிடிக்கச் சொல்லி, அந்த மெல்லிய வெளிச்சத்தில் சட்டென்று எடுப்பார். நீலமும் ஊதாவும் வரிவரியாக... கண்ணை எடுக்க முடியாது.

எனக்கு உயிரான படத்தை எடுத்தவர் எங்கள் கூட்டத்திலேயே இல்லை. அவர் சங்கு குளிக்கும் அண்ணன். இந்தக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961 பருவத்தோடு நின்றுபோனது. சங்குக்காக இன்றும் முங்குகிறார்கள். செல்போனைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு அவரிடம் கொடுத்தோம். கடலுக்குள் சில மீட்டர் இறங்கியதுமே சிவப்பு நிறம் காணாமல் போய்விடும், எதை எடுத்தாலும் பச்சையும் நீலமும்தான். அவர் தரையைப் பார்த்து எடுக்கவில்லை, மேலே பார்த்து எடுத்திருக்கிறார். சூரியனை மறைத்தபடி கறுப்பாகப் படகின் அடிவயிறு, சுற்றிலும் சிதறும் வெளிச்சம், நடுவில் அவர் மூச்சுக் குமிழிகள். நிறம் போனாலும் கவலையில்லாத கோணம்! யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தினமும் ஏறிவரும் வழியை எடுத்தேன் என்றார்.

வர நினைக்கிறவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் வாருங்கள். விசைப்படகுகள் ஓய்ந்திருக்கும். பெயிண்ட் அடிப்பது, வலை பொத்துவது என்று ஊரே கரையில் இருக்கும். பேசவும் நேரம் இருக்கும். உப்புக்காற்று லென்ஸில் படியும், அதனால் ஈரத்துணி ஒன்று, உலர்ந்த துணி ஒன்று பையில் இருக்கட்டும். முகத்தை எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். எடுத்ததை பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து கொடுங்கள். டீச்சர் கொடுத்த படம் உப்பு வாரும் அக்கா வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. அடுத்து எந்தப் பாத்தி பூக்கும் என்று அவரே போன் போட்டுச் சொல்கிறார்.