நுரையிலேயே ஊர் தெரியும்

இத்தாலியின் கிராஸ்பரோஸா லாம்ப்ருஸ்கோ ஒயினைக் கோப்பையில் சாய்த்தால் முதலில் எழுவது ஊதா நுரை. விளிம்புவரை பொங்கி, வாய் வைப்பதற்குள் அடங்கிவிடும். அடியில் நாவல்பழச் சாறுபோல் கருத்த சிவப்பு ஒயின் மட்டும் நிற்கும். மொதேனா வட்டாரத்துப் பன்றிக்கறிக்கும் பார்மிஜியானோ பாலாடைக்கட்டிக்கும் இதுதான் ஜோடி. ஒரு மிடறு போதும், நாக்கில் படிந்த கொழுப்பைத் துவர்ப்பு வழித்தெடுத்துவிடும். அதே வட்டாரத்து சொர்பாரா ரகம் வெளிறிய சிவப்பு. அதில் துவர்ப்பைவிடப் புளிப்பு தூக்கல். லாம்ப்ருஸ்கோவா, சோடா கலந்த சர்பத்தாயிற்றே என்று உதடு பிதுக்குபவர்கள், 1970களில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய இனிப்புச் சரக்கை மனதில் வைத்துப் பேசுகிறார்கள்.

வடகிழக்கே புரொசெக்கோவின் குமிழி வேறு குணம். கிளேரா என்ற திராட்சை. குமிழியை உண்டாக்கும் இரண்டாம் நொதிப்பு, புட்டியில் அல்லாமல் மூடிய எஃகுத் தொட்டியில் நடக்கிறது. ஈஸ்ட்டோடு நெடுநாள் கிடக்காததால் பேரிக்காய், பச்சை ஆப்பிள் வாசனை பழத்தின் வாசனையாகவே வருகிறது. குமிழியும் துடுக்கு: சரசரவென ஏறி, மூக்கில் தெளித்துவிட்டு ஓடிவிடும். புட்டியில் ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்றிருந்தால் ஏமாறாதீர்கள். லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் சர்க்கரை இருக்கும். இனிப்பு குறைவாக வேண்டுமானால் ‘புரூட்’ கேளுங்கள்.

நிதானம் பிடித்தவர்களுக்கு ஃபிரான்சாகோர்த்தா. இசேயோ ஏரிக்குத் தெற்கே, புட்டிக்குள்ளேயே நொதிக்கவிட்டு, ஈஸ்ட் வண்டலோடு குறைந்தது 18 மாதம் கிடத்துகிறார்கள். இதன் ‘சத்தேன்’ வகைக்கு 24 மாதம். வெள்ளைத் திராட்சை மட்டும். அழுத்தமும் 5 பாரைத் தாண்டக்கூடாது. அந்தக் கட்டுப்பாட்டின் பலன் நாக்கில் தெரியும். குமிழி குத்துவதில்லை, காய்ச்சிய பாலின் நுரைபோல் படர்கிறது. விழுங்கிய பிறகு அப்போதுதான் சுட்ட ரொட்டியின் வாசனை மெல்லத் திரும்பி வரும்.

மொஸ்காத்தோ தஸ்தியில் நொதிப்பைக் குளிரவைத்துப் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள். மது 5 சதவீதத்தை ஒட்டித்தான். மிச்சமெல்லாம் பீச் பழ வாசனையும் திராட்சையின் சொந்த இனிப்பும். எனக்கு ஒரு கோப்பைக்கு மேல் திகட்டும். ஒன்றே ஒன்று என்றால் என் கை குளிர்ந்த சொர்பாராவுக்குத்தான் போகும்.

எதை வாங்கினாலும், ஒடிசலான நீளக் கோப்பையில் ஊற்றாதீர்கள். குமிழி அழகாக ஏறும், வாசனைதான் வெளியே வராது. வயிறு அகன்ற சாதாரண ஒயின் கோப்பையே போதும்.