ஒரே பட்டியலில் இரண்டு வினைகள்

‘புட் ஆஃப்’, ‘லுக் அட்’ இரண்டும் பார்வைக்கு ஒரே அச்சில் வார்த்தவை: முன்னே வினை, பின்னே ஒரு சின்னச் சொல். பெங்களூரின் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி மையங்களிலும் போட்டித் தேர்வு வழிகாட்டிகளிலும் இவை ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற ஒரே தலைப்பின்கீழ், எதிரே பொருளோடு வரிசையாக அடுக்கப்படுகின்றன. மாணவர் அதை மனப்பாடம் செய்கிறார்.

இரண்டின் அமைப்பும் வேறு. தள்ளிவைப்பதைக் குறிக்கும் ‘புட் ஆஃப்’ உண்மையான ஃப்ரேசல் வெர்ப். அதன் செயப்படுபொருள் நடுவிலும் நிற்கலாம், இறுதியிலும் நிற்கலாம்; ‘இட்’ என்ற பிரதிப்பெயர் வந்தால் மட்டும் நடுவில்தான்: ‘புட் இட் ஆஃப்’. ‘லுக் அட்’ ப்ரெப்பசிஷனல் வெர்ப். அதில் ‘லுக் அட் இட்’ தவிர வேறு வழியில்லை. ‘லுக்’குக்கும் ‘அட்’டுக்கும் இடையே ‘கேர்ஃபுல்லி’யை நுழைக்கலாம், ‘புட் ஆஃப்’ அதற்கு இடங்கொடாது. பேச்சிலோ ‘ஆஃப்’ அழுத்தம் பெறும், ‘அட்’ தேய்ந்துபோகும். ‘புட் அப் வித்’ போல இரண்டு சின்னச் சொற்களும் சேர்ந்துவரும் மூன்றாம் வகையும் உண்டு. ரண்டால்ஃப் க்வெர்க் குழுவினரின் 1985-ஆம் ஆண்டுப் பெருநூல் இம்மூன்றையும் தனித்தனியாகவே விளக்குகிறது.

பட்டியல் முறையை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. ‘கிவ்’, ‘அப்’ இரண்டும் தெரிந்தவருக்கும் ‘கிவ் அப்’ என்றால் கைவிடுதல் என்று ஊகிக்க வழியில்லை. 1930-இல் சி.கே. ஆக்டன் 850 சொற்களில் ஆங்கிலத்தை அடக்கிக் காட்டினார். அவர் வினைகளைக் குறைத்த உத்தி, ‘கெட்’, ‘புட்’ போன்ற எளிய வினைகளோடு சின்னச் சொற்களைச் சேர்ப்பதுதான். சொற்கணக்கு குறைந்தது, கற்பவர் நினைவில் வைக்கவேண்டிய சேர்க்கைகளின் சுமை அப்படியே இருந்தது. பொருளைப் பொறுத்தவரை ஓரளவு மனப்பாடம் தவிர்க்க முடியாதது.

பட்டியல் தவறுவது அமைப்பில். தமிழ் மாணவருக்கு இந்த வேறுபாடு புதிதன்று என்பதுதான் இதில் வேடிக்கை. ‘கண்டுபிடி’ என்பதில் யாரும் எதையும் கையால் பிடிப்பதில்லை. இரண்டு சொல் சேர்ந்து ஒரு பொருள் தருகிறது, ‘கிவ் அப்’ போல. நாய்க்குப் பயப்படுகிறோம், நண்பனை நம்புகிறோம், அண்ணனோடு சண்டை போடுகிறோம்: இங்கே வினை தனக்குரிய வேற்றுமையைக் கேட்டு வாங்குகிறது. ‘டிபெண்ட்’ என்ற வினை ‘ஆன்’ கேட்பதும் இவ்வகையே. ‘கண்டுபிடி’யையும் ‘நாய்க்குப் பயப்படு’வையும் எந்தத் தமிழாசிரியரும் ஒரே தலைப்பில் எழுதமாட்டார்.

பிழைகளும் இரு வகைப்படுகின்றன. ‘டிஸ்கஸ் அபவுட்’ என்பதற்குப் பின்னால் ‘பற்றிப் பேசு’ இருக்கிறது. கன்னடத்தின் ‘பக்கெ’யும் அதே பக்கம் இழுக்கும். ‘கோப் அப் வித்’தில் நேர்வது வேறு. ‘கோப் வித்’துக்குள் ‘கீப் அப் வித்’ போன்ற தொடரின் சாயல் புகுந்திருக்கலாம். அலுவலகத்தில் இவற்றால் யாருக்கும் பொருள் தடைபடுவதில்லை. தேர்வுத்தாளில் மதிப்பெண் போகும்.

பட்டியலுக்கு நேர்மாறான சோதனையும் பெங்களூரில் நடந்தது. பிரிட்டிஷ் கவுன்சிலைச் சேர்ந்த என்.எஸ். பிரபு, இங்குள்ள தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனத்தோடு இணைந்து 1979 முதல் 1984 வரை நடத்திய ‘பெங்களூர்த் திட்டம்’ அது. வகுப்பில் இலக்கணப் பாடம் இல்லை. ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துப் புதிர்களை அவிழ்க்கும் பணிகளே இருந்தன. கவனம் பொருளில் பதிந்திருக்கும்போது வடிவம் தானே படியும் என்பது பிரபுவின் வாதம். 1985-இல் பெரெட்டா, டேவிஸ் இருவரும் வெளியிட்ட மதிப்பீடு திட்டத்துக்குச் சாதகமாக இருந்தாலும் தயக்கத்தோடேயே பேசியது. இவ்வினைகளுக்கு அம்முறை பாதிதான் உதவும். ‘கெட் ஆஃப்’ ரயில் அட்டவணையில் இயல்பாக வரும். ‘புட் அப் வித்’துக்கு அங்கே வேலையே இல்லை.

தேவை எழாத வடிவத்தைக் கற்பவர் சுற்றிக்கொண்டு போவார். ஹீப்ரு பேசும் மாணவர்கள் ஃப்ரேசல் வெர்பைத் தவிர்த்து ஒற்றைச் சொல்லையே நாடியதை டாகட், லாஃபர் இருவரும் 1985-இல் பதிவு செய்தனர். ‘ப்ரிங் ஃபார்வர்ட்’ இருக்க, ‘போஸ்ட்போன்’ பார்த்து ‘ப்ரீபோன்’ என்று வார்த்துக்கொண்ட இந்திய ஆங்கிலத்துக்கும் ஒற்றைச் சொல்லே வசதி. அதைப் பிழை என்பதைவிடச் சாமர்த்தியம் எனலாம்.

மாணவர் அகராதிகள் நடுவழி ஒன்றைக் காட்டுகின்றன: வெறும் ‘புட் ஆஃப்’ என்று விடாமல் ‘புட் சம்திங் ஆஃப்’, ‘லுக் அட் சம்திங்’ எனச் செயப்படுபொருளின் இடத்தோடு அச்சிடுகின்றன. பட்டியல் எழுதுவோர் ‘சம்திங்’ என்ற அந்த ஒரு சொல்லையும் சேர்த்தால் போதும். நீளம் அதிகமாகாது, இலக்கணமும் கூடவே வந்துவிடும்.