எவரும் வெல்லாத பந்தயம்

பட்டம் பெற்ற இளைஞன் ஒருவன், கோடைகாலத்தில் வேறு வேலை எதுவும் கிடையாமையால், கேளிக்கைப் பூங்கா ஒன்றில் பந்தயக் கடை கவனிக்கச் செல்கிறான். கிரெக் மோட்டோலா எழுதி இயக்கி 2009-இல் வெளிவந்த 'அட்வென்ச்சர்லேண்ட்' என்னும் அமெரிக்கப் படத்தின் கதை ஏறத்தாழ இவ்வளவே. விளம்பரங்களைக் கண்டு வெறும் நகைச்சுவைப் படம் என்று எண்ணிச் சென்றோர் ஏமாந்திருக்கக் கூடும். நாம் அவ்வாறு ஏமாந்ததற்காக மகிழ்கிறோம்.

கதை நிகழும் ஆண்டு 1987, இடம் பிட்ஸ்பர்க். அதற்கு முந்தின ஆண்டில்தான் அந்நகரை அடுத்த ஹோம்ஸ்டெட் எஃகு ஆலை மூடப்பட்டது. படம் இதைப் பேசவில்லை. ஆயினும் ஜேம்ஸின் தந்தை வேலையில் தாழ்த்தப்பட்டதும், மகனின் ஐரோப்பியப் பயணம் கைவிட்டுப் போகிறது. இலக்கியம் கற்றவனுக்குக் கூலி வேலைக்கும் தகுதியில்லை என்பதை அவன் கண்டுகொள்ளும் காட்சிகள் சிரிப்பை மூட்டுகின்றன. நம் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் வெளிவருவோரை நினைக்கையில் அச்சிரிப்பு நீடிப்பதில்லை.

பூங்காவில் அவன் முதலில் கற்பது ஏமாற்றுத் தொழில். பந்தெறிந்து வீழ்த்த வேண்டிய தொப்பி பசையிட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. பெரிய பாண்டாக் கரடிப் பொம்மையை யாரும் பரிசாக வென்றுவிடக் கூடாது என்பது மேலாளரின் கண்டிப்பான கட்டளை. இயக்குநர் இதை உவமையாக விரித்துரைக்காமல் விட்டது நன்று.

பூங்காவில் பழுது பார்க்கும் கானெல், பாடகர் லூ ரீடுடன் சேர்ந்து இசைத்தவன் என்று பெயர் பெற்றிருக்கிறான். மணமானவன், ஜேம்ஸ் நேசிக்கும் எம் என்னும் பெண்ணோடு மறைவான உறவும் உடையவன். ஒருநாள் அவன் லூ ரீடின் பாடல் ஒன்றின் பெயரைத் தவறாகச் சொல்கிறான். பொய் வெளிப்பட்டுவிட்டது. ஜேம்ஸ் அதை உணர்ந்தும் திருத்தாமல் விடுகிறான். படத்தின் மிகச் சிறந்த கணம் இதுவே என்போம். ஆனால் அதே ஜேம்ஸ், எம்மைப் பற்றிய உண்மையை அறிந்தபின், யாரிடமும் சொல்லாதே என்று வேண்டிக்கொண்டு லிசா என்பவளிடம் சொல்லிவிடுகிறான். செய்தி பூங்கா முழுதும் பரவுகிறது. எம் வேலையை விட்டு நீங்குகிறாள். பொய்யனுடைய மானத்தைக் காத்தவன், தன்னை நம்பியவளுடைய மானத்தைக் காக்கவில்லை. தானும் அதே வேளையில் லிசாவுடன் வெளியே சென்றுவந்தவன் அல்லவா! கதாநாயகனை இத்தனை இழிவுக்குத் துணிந்து இறக்கும் இளைஞர் படங்கள் அரியவை.

நம்மைப் போன்றோர் தவறவிடலாகாத காட்சி இன்னொன்று. ருஷ்ய இலக்கியம் பயின்ற ஜோயல் யூதன். கடவுள் நம்பிக்கை அற்றவன். கத்தோலிக்கப் பெண் ஒருத்தி ஓரிரவு அவனோடு நெருங்கிப் பழகிவிட்டு, பின்னர் தன் பெற்றோர் யூதனை ஏற்கமாட்டார்கள் என்று விலகுகிறாள். அவளிடம் பகைமை இல்லை. வருத்தமும் அதிகம் இல்லை. சமயம் இங்கே வேலியாக மட்டுமே நிற்கிறது. படம் முழுவதிலும் சமயத்தின் பெயர் ஓர் இளைஞனின் வாழ்வைத் தொடும் இடம் இது ஒன்றே என்பது நமக்கு எளிதில் செரிக்கவில்லை. அது கத்தோலிக்க இல்லம் என்று கூறி நாம் தப்பித்துக்கொள்ளவும் இயலாது. நம் திருமண விளம்பரங்களை நாமே அறிவோம்.

மார்ட்டின் ஸ்டாரின் நடிப்பு இந்த ஜோயலை மறக்க முடியாதவனாக்குகிறது. ஆனால் இயக்குநர் அவனை அப்படியே விட்டுவிட்டு, மழை பெய்யும் இரவில் ஜேம்ஸை நியூயார்க்குக்கு, எம்மின் வாசலுக்கு அனுப்பிவைக்கிறார். மன்னிப்பு அங்கே மிக விரைவில் கிட்டுகிறது. ஜெசி ஐசன்பெர்க்கும் கிறிஸ்டன் ஸ்டூவர்ட்டும் தயங்கித் தயங்கிப் பேசுவதால் அக்காட்சி ஓரளவு பிழைக்கிறது. போகும் வழி இருந்தவன் போய்விட்டான். பிட்ஸ்பர்க்கிலேயே தங்கிவிட்ட ஜோயலைப் பற்றியே நாம் திரையரங்கை விட்டு வெளியே வந்தபின் பேசிக்கொண்டிருந்தோம்.