நீரில் மூச்செடுக்கும் புழு

படுவான்கரை வட்டைகளில் நீர் கட்டி நிற்கும் கார்த்திகை மாத இரவுகளில் வாசல் விளக்கடியைக் கவனியுங்கள். வந்து ஒட்டும் பூச்சிகளிடையே பால்வெள்ளையாய் ஒன்று இருக்கக்கூடும். சிறகு விரித்தால் ஒன்றரைச் சென்ரிமீற்றர் வரும். வெளிர்ந்த தவிட்டு நிறத்தில் நெளியும் கோடுகள், நடுவே ஊசிமுனையால் தொட்டு வைத்ததுபோலச் சில புள்ளிகள். நெல் கூண்டுப்புழுவின் அந்து இதுதான். இனப்பெயர் பாராபொய்ங்ஸ் ஸ்டாக்னாலிஸ். பாராபொய்ங்ஸ் என்பது 1825இல் ஹூப்னர் அமைத்த பேரினம். பழைய வேளாண் நூல்களில் இதை நிம்புலா டிபங்டாலிஸ் என்ற பெயரில் காணலாம்.

வயலில் பறக்கும் மற்றவற்றைப் பிரித்தறிவது கடினமல்ல. மஞ்சள் தண்டு துளைப்பானின் பெண் அந்துக்கு முன்சிறகு ஒவ்வொன்றிலும் ஒற்றைக் கரும்புள்ளி. இலைசுருட்டி அந்து பொன்தவிட்டு நிறம், குறுக்கே கருங்கோடுகள். ஆனால் இந்தப் பேரினத்தின் அழகெல்லாம் புழுவிடம்தான் இருக்கிறது.

வரம்போரம் குனிந்தால் நெல்லிலையின் நுனித்துண்டுகள் நீரில் மிதப்பது தெரியும். ஒன்றை எடுத்துப் பாருங்கள். இரு முனையும் கத்தரித்தாற்போல் நேராக இருக்கும். உள்ளே பட்டிழை பூசிய குழல். இலையை வெட்டி, சுருட்டி, நூலால் பிணைத்து அந்தப் புழு தானே செய்த வீடு! வீட்டோடு நெல்லில் ஏறிப் பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். இலையில் ஏணிப்படி போல வெள்ளைத் தழும்பு மிஞ்சும். பிறகு நீரில் விழுந்து, காற்றடிக்கும் பக்கம் மிதந்து அடுத்த பயிரைப் பிடிக்கும்.

குழலை மெல்லப் பிரித்து, புழுவைத் தெளிந்த நீரில் விட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். உடலின் இருபக்கமும் கிளை பிரிந்த மெல்லிய வெள்ளிழைகள் வரிசை வரிசையாக அசையும். அவை செவுள்கள். கம்பளிப்புழுக் குலத்தில் பிறந்து மீனைப்போல நீரில் மூச்செடுக்கும் உயிர் இது. இலைக்கூடு கட்டி நீரில் வாழும் எலோபிலா பேரினப் புழுக்களுக்கு இந்த இழைகள் கிடையா. ஆகவே இவ்விரண்டில் இழை உள்ளது பாராபொய்ங்ஸ் என்று துணிந்து சொல்லலாம். இவ்வளவு நுணுக்கமான வேலைப்பாட்டை நம் காலடியிலேயே வைத்துக்கொண்டு பாராமல் நடக்கிறோமே!

அந்தச் செவுள்தான் அதன் பலவீனமும். வக்கடையைத் திறந்து சில நாள் நீரை வடியவிட்டால் புழு பிழைக்காது. இளம்பயிர் பெரும்பாலும் மறுபடி தழைத்துவிடும். வயல் நீர், தெளித்த மருந்தோடு, வடிந்து சேருமிடம் இறாலும் மீனும் வளரும் வாவி. மருந்துத் தெளிப்பானைத் தோளில் மாட்டுமுன், விவசாயிகளே, ஒரு குழலைப் பிரித்துப் பாருங்கள்.