கம்பியின் மறுமுனை

கடலுக்கடியில் கம்பி போட்ட கதையை நல்ல எழுத்தாளர்கள் இருவர் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் ஸ்டெஃபான் ஸ்வைக். மற்றவர் ஆர்தர் கிளார்க். ஸ்வைக்கினுடையது ஒரு கட்டுரை. கிளார்க்கினுடையது முழு நூல்; 'வாய்ஸ் அக்ராஸ் தி ஸீ' என்று பெயர், 1958-இல் வெளிவந்தது. லஸ் மூலைப் பழைய புத்தகக் கடையில் அதை வாங்கி, ஆதம்பாக்கத்தில் என் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து இரண்டு மாலைகளில் படித்து முடித்தேன். அலுப்புத் தட்டவில்லை. ஆனால் மூடி வைத்த பிறகு ஒரு குறை மனத்தில் தங்கிவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நிறையைச் சொல்லிவிடுகிறேன். 1858-இல் அட்லாண்டிக்கைக் கடந்த முதல் கம்பி வழியாக விக்டோரியா ராணியின் வாழ்த்து போயிற்று. தொண்ணூற்றெட்டு வார்த்தைகள், போய்ச் சேரப் பதினாறு மணி நேரம் பிடித்தது. சுமார் மூன்று வாரங்களில் கம்பி ஊமையாகிவிட்டது. அவசரக்காரரான வொயிட்ஹவுஸ் அதில் இரண்டாயிரம் வோல்ட் மின்சாரத்தை ஏற்றினார். தாம்ஸனோ நலிந்த துடிப்பையும் ஒரு சிறு கண்ணாடியின் அசைவில் படித்துவிடலாம் என்று காட்டியவர். இந்த இருவருக்கும் இடையிலான வேற்றுமையை ஒரு நாவலின் மோதலாகவே கொள்ளலாம். கிளார்க்குக்கு இதெல்லாம் கைவந்த விஷயம். அலங்காரமில்லாமல், உலர்ந்த ஹாஸ்யத்தோடு சொல்லிக்கொண்டு போகிறார். ஸ்வைக்குக்குக் கம்பியைவிட மனிதன்தான் முக்கியம். காலையில் தோளில் தூக்கி மாலையில் தூற்றுகிற கூட்டத்துக்கு நடுவே சைரஸ் ஃபீல்டை நிற்க வைக்கிறார். இரண்டும் இலக்கியத்துக்குச் செய்த உபகாரந்தான்.

குறை என்னவென்றால், இருவரும் கப்பலில் ஏறிக்கொண்டு கதை சொல்கிறார்கள். புயல் வருகிறது, கம்பி அறுகிறது, மறுபடி புறப்படுகிறார்கள். 1866-இல் வெற்றி. அந்தக் கம்பி எங்கே கரையேறியது? ஒரு முனை அயர்லாந்தை ஒட்டிய வாலன்ஷியா, மறுமுனை நியூஃபவுண்ட்லாந்து. இரண்டுமே தீவுகள்! ஆனால் செய்தி லண்டனுக்கும் நியூயார்க்குக்கும். தீவுக்காரனுடைய வாசலில் உலகத்தின் குரல் ஏறி இறங்கிப் போயிற்று. அவனுக்கு அதில் பேச்சு இல்லை. இதைவிட நல்ல கதைப்பொருள் வேறென்ன வேண்டும்? இருவரும் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

நம் கடலில் நடந்ததும் இதுவேதான். 1870-இல் சென்னையிலிருந்து பினாங்குக்குக் கம்பி போட்டார்கள். அது வங்கக் கடலைக் குறுக்கே கடந்து, அந்தமான் நிக்கோபாரில் கால் வைக்காமலே போயிற்று. அந்தத் தீவுகளுக்கென்று சென்னையிலிருந்து 2,300 கிலோமீட்டர்க் கம்பி திறக்கப்பட்டது 2020 ஆகஸ்டு 10-ஆம் தேதி. போர்ட் பிளேரும் இன்னும் ஏழு தீவுகளும் அதில் சேர்ந்தன. இடையில் போனது நூற்றைம்பது வருஷம்! அதுவரை அவர்கள் நம்பியிருந்தது செயற்கைக்கோளை. வேடிக்கை என்னவென்றால், பூமியோடு கூடவே சுற்றும் கோள்களால் உலகம் முழுவதும் பேசலாம் என்று 1945-இலேயே எழுதியவர் இதே கிளார்க்தான். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவரும்கூட. யோசனையாளராகத் தீவுகளுக்குப் பேச வழி சொன்னவர், எழுத்தாளராக அந்தக் கரையில் போய் நிற்கவில்லை.

எங்கள் எதிர்வீட்டு அம்மாளின் தம்பி கார் நிக்கோபாரில் உத்தியோகமாக இருந்தார். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலைக்குப் பிறகு ஒன்பது நாள் அவரைப் பற்றித் தகவல் இல்லை. அந்த அம்மாள் டெலிபோன் பக்கத்திலேயே பாயைப் போட்டுக்கொண்டாள். பிற்பாடு அவர் ஊர் வந்தபோது, "எப்படி சார் தாங்கினீர்கள்?" என்று கேட்டேன்.

"எங்களை நீங்க டிவியில பார்த்துட்டீங்க சார். எங்களுக்கென்ன தெரியும்? இங்கே மெட்ராஸ் இருக்கா இல்லையான்னே தெரியல. அக்கா போயிருப்பான்னு நெனச்சு ஒரு நாள் பூரா அழுதேன்" என்றார்.

நான் திகைத்துப் போனேன். அந்த ஒன்பது நாளும் காத்திருந்தவள் அக்கா மட்டுமே என்றல்லவா நினைத்திருந்தேன்!

கம்பி இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. 2022 ஜனவரியில் கடலடி எரிமலை வெடித்தபோது டோங்காவின் கம்பி அறுந்து, பெரிய தீவுக்கே ஐந்து வாரம் அது பேசவில்லை. கம்பி அறும். எழுத்தாளன் கவனிக்க வேண்டியது, அறுந்தபோது எந்த முனையில் நின்று கதை சொல்லுகிறோம் என்பதை.

நானும் யோக்கியன் அல்ல. அவர் சொன்னதைக் கதையாக எழுத உட்கார்ந்தேன். நான்கு பக்கம் ஓடிற்று. படித்துப் பார்த்தால், பாயும் டெலிபோனும் ஆதம்பாக்கமுமாகவே இருந்தது. அந்தக் கரைக்கு நானும் போகவில்லை. கிளார்க்கைக் குறை சொல்லிவிட்டு அதை அச்சுக்கு அனுப்ப மனம் வரவில்லை, மேஜையறைக்குள் போட்டுவிட்டேன். அதை எழுத வேண்டியவர் கார் நிக்கோபாரில் பிறந்த யாரோ ஒருவர். அவர் எழுதி அனுப்ப இப்போது கம்பியும் இருக்கிறது.