ஜூலைப் பசியும் ஆகஸ்ட் ரொட்டியும்

அயர்லாந்தின் கிராமங்களில் ஒரு காலத்தில் ஜூலை மாதத்துக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: பசி ஜூலை. போன வருடத்து உருளைக்கிழங்கு தீர்ந்திருக்கும். புதுக்கிழங்கு மண்ணுக்குள் திரண்டிருக்காது. முட்டைக்கோஸ் ஜூலை என்றும் சொல்வார்கள். அடுப்பில் ஏற்ற வேறு எதுவும் இருக்காது. கோதுமையும் பார்லியும் கண்ணெதிரே பழுத்துக்கொண்டிருக்கும், ஆனால் கைவைக்க முடியாது. அவசரப்பட்டுக் கிழங்கைத் தோண்டினால், சம்சாரித்தனம் தெரியாதவன் என்று ஊர் சிரிக்கும்.

அந்தக் காத்திருப்பு முடிகிற நாள்தான் லூனசா. ஆகஸ்ட் 1. முதல் கதிரை அறுத்து, முதல் ரொட்டியைச் சுட்டு, முதல் கிழங்கைத் தோண்டித் தின்கிற நாள். இதை ரசிக்க விரும்புகிறவர்கள் ரொட்டியிலிருந்து தொடங்கினால் பாதிதான் கிடைக்கும். பசியிலிருந்து தொடங்குங்கள்.

கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

லூனசா என்ற பெயரில் இருப்பவர் லூ. பழைய ஐரிஷ் கதைகளில் எல்லாக் கலைகளிலும் கைதேர்ந்த தெய்வம். ஆனால் அவர் இந்த விழாவைத் தனக்காக வைக்கவில்லை, தன்னை வளர்த்த தாய் டால்ட்யூவின் நினைவாக வைத்தார். அவள் காடு திருத்திச் சமவெளியாக்கி, விளைநிலத்தை உண்டாக்கியவள். அந்த உழைப்பிலேயே களைத்து விழுந்து இறந்தாள். ஆக, இந்த அறுவடைத் திருவிழாவின் மூலக்கதை ஒரு சாவு வீட்டில் தொடங்குகிறது.

மீத் மாவட்டத்தில் அவள் பெயரால் அமைந்த டெல்ட்டவுனில் பெருங்கூட்டம் கூடியது. குதிரைப் பந்தயம், வீர விளையாட்டு, வியாபாரம் எல்லாம் நடந்தன. இங்கே ஒரு வருடமும் ஒரு நாளும் சேர்ந்து வாழ்ந்து பார்க்கும் கல்யாணங்களும் நடந்ததாக மரபு சொல்கிறது. ஒத்துவரவில்லையா? ஒருவர் வடக்கே, ஒருவர் தெற்கே நடந்துவிட வேண்டியதுதான். இன்றைக்கும் ஐரிஷ் மொழியில் ஆகஸ்ட் மாதத்தின் பெயரே லூனசாதான்.

கடலுக்கு அப்பால் இங்கிலாந்தில் இதே நாளின் பெயர் லாமஸ். பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லாஃப்' என்றால் ரொட்டி. ரொட்டிப் பூசை என்பதுதான் லாமஸ். புது மாவில் சுட்ட ரொட்டியைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோவார்கள். இதே 'ஹ்லாஃப்' இன்னும் இரண்டு சொற்களுக்குள் ஒளிந்திருக்கிறது. 'லார்ட்' என்பவர் ரொட்டியைக் காப்பவர். 'லேடி' என்பவள் மாவு பிசைபவள். பிரபுவும் சீமாட்டியும் ஒரு காலத்தில் ஒரே மாவுத்தொட்டியின் இரு பக்கம் நின்றவர்கள்!

குனிந்து பறியுங்கள்

விழாவைக் களத்தில் மட்டும் தேடாதீர்கள். மாய்ரே மக்நீல் என்ற அறிஞர் ஊர் ஊராகச் சேகரிக்கப்பட்ட வழக்கங்களைத் தொகுத்து 1962இல் லூனசாவைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். மலை உச்சிகளில் கூடுவது இந்த விழாவில் எவ்வளவு முக்கியம் என்பதை அதில் காட்டினார்.

மேலே ஏறுவதற்கு ஒரு கறுப்புப் பழம் சாக்கு. அதன் பெயர் பில்பெர்ரி. கடையில் விற்கிற புளூபெர்ரிக்குச் சொந்தம்தான். ஆனால் புளூபெர்ரியைக் கடித்தால் உள்ளே வெளிறிய சதை. பில்பெர்ரி உள்ளே வரைக்கும் கருநீலம். முழங்கால் உயரச் செடியில் ஒன்றிரண்டாக ஒளிந்திருக்கும், நிமிர்ந்து நின்றால் கண்ணில் படாது. அந்தக் காலத்தில் ஜூலை கடைசி ஞாயிறு இளவட்டங்கள் கூட்டமாக ஏறுவார்கள். பையன்கள் பழத்தை நூலில் கோத்துப் பெண்களுக்குக் கைவளையாகக் கட்டுவார்கள். யார் எவ்வளவு பறித்தார்கள், எவ்வளவு தின்றார்கள் என்பதை விரலும் உதடும் வீடுவரை சாட்சி சொல்லும்.

அதே ஞாயிற்றுக்கிழமை மேயோ மாவட்டத்தில் 764 மீட்டர் உயரமுள்ள க்ரோ பாட்ரிக் மலையில் ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள், சிலர் வெறுங்காலுடன். இன்று அது புனித பாட்ரிக்குக்கான கத்தோலிக்க யாத்திரை. சாமி மாறினாலும் கிழமை மாறவில்லை, மலையும் மாறவில்லை.

பின்னலை எண்ணுங்கள்

லாமஸ் காலத்தில் பிரிட்டன் வீடுகளில் தொங்கும் கதிர்ப் பொம்மையைப் பார்த்தால், அழகுப் பொருள் என்று கடந்துவிடாதீர்கள். பொம்மை என்று பெயரே தவிர, முகமோ கையோ பெரும்பாலும் இருக்காது. ஐந்து கோதுமைத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துச் சுற்றிக்கொண்டே போவார்கள். நடுவில் வெற்றிடம் விட்டு ஒரு சுருள் எழும்பும். அடியில் முற்றிய கதிர்கள் குஞ்சலம்போலத் தொங்கும்.

தாளைக் கூர்ந்து பாருங்கள். கதிருக்குக் கீழே முதல் கணு வரைக்கும் உள்ள பகுதிதான் பின்னலுக்கு உதவும். உள்ளே குழலாக இருக்க வேண்டும். தண்ணீரில் ஊறவைத்துத்தான் மடிக்கிறார்கள்; காய்ந்த தாள் படக்கென்று ஒடியும். இன்றைய குட்டை ரகக் கோதுமை இதற்குச் சரிப்படாது என்பதால், பின்னுகிறவர்கள் மாரிஸ் விஜன் போன்ற நெட்டை ரகங்களைத் தேடுகிறார்கள்.

வயலில் கடைசியாக நிற்கும் ஒரு பிடிக் கதிரை வெட்ட அந்தக் காலத்தில் யாருக்கும் மனம் வராது. சில ஊர்களில் எட்டி நின்று அரிவாளை வீசுவார்கள், யார் கை வெட்டியது என்று தெரியக்கூடாதாம். பயிரின் உயிர் அந்தக் கடைசிப் பிடியில் ஒதுங்கியிருப்பதாக எண்ணினார்கள் என்பது மானிடவியலாளர் ஜேம்ஸ் பிரேசரின் விளக்கம். 1890இல் வெளிவந்த 'தங்கக் கிளை' நூலால் அது உலகப் புகழ் பெற்றது. அந்தக் கதிரைப் பின்னிக் குளிர்காலம் முழுக்க வீட்டில் வைத்திருந்து, வசந்தத்தில் முதல் உழவுசாலில் புதைப்பதை, பழைய வழிபாடுகளைத் தழுவும் பேகன்கள் சிலர் இன்றும் செய்கிறார்கள்.

அடுப்படி நடனத்தைப் பாருங்கள்

அயர்லாந்துக்குப் போக முடியாதவர்களுக்கு ஒரு நாடகம் இருக்கிறது. பிரையன் ஃப்ரீல் எழுதி 1990இல் டப்ளினில் அரங்கேறிய 'டான்சிங் அட் லூனசா'. 1998இல் மெரில் ஸ்ட்ரீப் நடித்துப் படமாகவும் வந்தது. 1936ஆம் ஆண்டு ஆகஸ்ட், ஒரே வீட்டில் கல்யாணமாகாத ஐந்து சகோதரிகள். அறுவடை நடனத்துக்குப் போகலாமா என்று தங்கைகள் ஏங்க, பள்ளி ஆசிரியையான மூத்தவள் கேட் கூடாது என்று அடக்கிவிடுகிறாள்.

பிறகு வானொலியில் இசை வருகிறது. ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த மேகி, மாவுக் கையை அப்படியே முகத்தில் இழுத்துப் பூசிக்கொண்டு ஆடத் தொடங்குகிறாள். ஒவ்வொருத்தியாகச் சேர்கிறார்கள். தடுத்த கேட்டே கடைசியில் தனியாக ஆடுகிறாள். அடக்கிவைத்த பசி ஒன்று அங்கே வெடிக்கிறது. வயிற்றுப் பசி மட்டும்தான் பசியா என்ன!

வட்டத்துக்குள் நுழையும்போது

இன்றைய பேகன்கள் கிறித்தவத்துக்கு முந்தைய வழிபாடுகளிலிருந்து தங்கள் நெறியை அமைத்துக்கொண்டவர்கள். இங்கிலாந்து, வேல்ஸ் 2021 கணக்கெடுப்பில் சுமார் 74,000 பேர் தங்களைப் பேகன் என்று பதிந்தார்கள். அவர்கள் கொண்டாடும் எட்டுப் பண்டிகைகள் கொண்ட ஆண்டுச் சக்கரம் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உருவான ஏற்பாடு. அதற்காக இதைப் போலி என்று தள்ள வேண்டியதில்லை. தென்கோளத்தில் ஆஸ்திரேலியப் பேகன்கள் லூனசாவை பிப்ரவரி தொடக்கத்தில் கொண்டாடுகிறார்கள். தேதியைவிட வயலை நம்புகிற கூட்டம் இது.

லண்டனிலோ டப்ளினிலோ இருக்கும் நண்பர்கள் பொது வழிபாடு ஒன்றுக்குப் போனால், பகிர்ந்துண்ண ஏதாவது கொண்டுபோங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். சடங்கு வட்டம் கட்டிய பின் குறுக்கே நடக்காதீர்கள். வெளியேற வேண்டுமென்றால் சொல்லுங்கள், வழி திறந்துவிடுவார்கள். ரொட்டி கைமாறி வரும். முதல் விள்ளல் மண்ணுக்கு.

வீட்டில் ஒரு லூனசா

அதே வாரம் காவிரிக் கரையில் ஆடிப்பெருக்கு. நாம் விதைக்கும்போது அவர்கள் அறுக்கிறார்கள். அதனால் புதுக்கதிருக்கு நாம் எங்கே போவது என்று கவலைப்படாதீர்கள். ஜூலை கடைசி வாரம் முழுக்க ரொட்டியைத் தொடாமல் இருங்கள். ஆகஸ்ட் 1 அன்று, கோதுமை மாவைக் கையால் பிசைந்து சூடாக ஒன்று சுடுங்கள். வெண்ணெய் மட்டும் போதும். எப்போதும் நிறைந்திருக்கும் குளிர்பெட்டி நமக்கு மறக்கடித்த ருசி அதில் கொஞ்சம் திரும்ப வரும்.

முடிந்தால் இங்கிலாந்தின் அறுவடை ரொட்டியைப் படத்திலாவது பாருங்கள். கோதுமைக் கட்டுபோலவே மாவில் வார்த்திருப்பார்கள்: தாள் தாளாக, கதிர் கதிராக, நடுவில் கட்டிய கயிறும் மாவிலேயே. பொன்னிறத்தில் அவ்வளவு செழிப்பு. அதன் தண்டில் வாலை நீட்டி ஒரு சுண்டெலி ஏறிக்கொண்டிருக்கும், அதுவும் மாவில் செய்ததுதான். இத்தனை விளைச்சலுக்கும் மேலே பசியையும் மறக்காமல் உட்காரவைத்திருக்கிறார்கள்.