வாசலில் வாங்கும் காசும் உள்ளே வாங்கும் காசும்

அரியாங்குப்பத்தில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். பள்ளிக்கூட உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரிப் பக்கம் போனால் அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு பொழுதாவது கழிக்காமல் நான் திரும்புவதில்லை. 2025 ஆடி மாதம் வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேர்த் திருவிழாவுக்காகப் போயிருந்தேன். திண்ணையில் நண்பருடைய பேரன் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு வயதுப் பையன். எங்கெங்கோ இருக்கும் பையன்கள் பலர் ஒரே தீவில் குதித்து ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளும் விளையாட்டு அது.

"இதுக்கு எவ்வளவுப்பா காசு?" என்று கேட்டேன்.

"காசே இல்ல தாத்தா. ஃப்ரீ!" என்றான்.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். "தாத்தா, உங்க போன்லேருந்து கொஞ்சம் பணம் போட முடியுமா?" என்றான்.

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் இருந்த ஐந்து நிமிஷத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

விமர்சனம் எழுதுகிறவர்கள் கதையம்சத்தைப் பார்ப்பார்கள், பாத்திரங்களைப் பார்ப்பார்கள், நடையைப் பார்ப்பார்கள். காசு எப்படி வசூலாயிற்று என்று கேட்பது கௌரவக் குறைவு என்று ஒரு நினைப்பு. தொடர்கதை எழுதிப் பிழைத்தவனுக்கு அந்தக் கௌரவம் கட்டுப்படியாகாது. வாரப் பத்திரிகையில் வரும் கதைக்கும் ஒரே புத்தகமாக வரும் கதைக்கும் உருவமே வேறு. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் வெளிவந்தது. அத்தியாயத்தின் கடைசியில் யாரோ கதவைத் தட்டுவதும், விளக்கு அணைவதும், ஓலை தொலைவதும் வாரந்தோறும் வசூலான காசு கதையின்மேல் போட்ட முத்திரை. 1836-ல் டிக்கன்ஸ் தம்முடைய 'பிக்விக்' கதையை மாதம் ஒரு ஷில்லிங் விலையில் பகுதி பகுதியாக விற்றபோதும் இதுவேதான் நடந்தது. அதனால் கதை கெட்டுப்போயிற்று என்று நான் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். காசு கொடுத்த எல்லாருக்கும் ஒரே அத்தியாயம்தான் கிடைத்தது. வந்தியத்தேவனுடைய குதிரையை நடுவழியில் நிறுத்திவிட்டு, "இன்னும் நாலணா கொடுப்பவர்களுக்குக் குதிரை உடனே ஓடும், மற்றவர்கள் ஆறு மணி நேரம் காத்திருக்கவும்" என்று கல்கி எழுதவில்லை.

இணையத்தில் பலர் கூடி ஆடும் விளையாட்டுக்களும் ஆரம்பத்தில் அப்படிச் செய்யவில்லை. 1997-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'அல்டிமா ஆன்லைன்' மாதம் ஏறக்குறைய பத்து டாலர் சந்தா வாங்கியது. 2004-ல் வந்த 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' மாதம் பதினைந்து டாலர் வாங்கியது. வாசகசாலைச் சந்தா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தா கட்டி உள்ளே வந்துவிட்டால் பணக்காரன் மகனுக்கும் குமாஸ்தா மகனுக்கும் ஒரே வாள், ஒரே கேடயம். வாளைச் சம்பாதிப்பது அவனவன் சாமர்த்தியம். இந்த முறையிலும் ஒரு குறை உண்டு. சந்தா தொடர வேண்டுமானால் கதை முடியக்கூடாது. ஆகவே பத்து ஓநாயைக் கொன்றுவிட்டு வா என்பார்கள். வந்தால் இருபது ஓநாய் என்பார்கள். நம் டெலிவிஷன் தொடர்களில் மாமியாருடைய கோபம் மூன்று வருஷம் தணியாமல் இருக்கிறதே, அதே சங்கதிதான். இதற்கு மாறாக 2005-ல் வந்த 'கில்டு வார்ஸ்', புத்தகம் வாங்குவதுபோல ஒரு தடவை விலை கொடுத்தால் போதும், மாதச் சந்தா கிடையாது என்றது. வாங்கியவன் சாவகாசமாக ஆடலாம். அலுத்தால் அலமாரியில் வைத்துவிடலாம்.

மூன்றாவது முறைதான் இன்று உலகத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது. வாசலில் காசு இல்லை. கடை உள்ளே இருக்கிறது. தென் கொரியாவில் நெக்ஸான் போன்ற கம்பெனிகள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி இதை வழக்கத்துக்குக் கொண்டுவந்தன. இதை ஒரேயடியாகப் பழிப்பது நியாயமல்ல. 2009-ல் வந்த 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' காசுக்கு முக்கியமாக விற்றது வேஷத்தை. சட்டை மாற்றிக்கொள்ளலாம், அதனால் சண்டையில் பலம் கூடாது. பணம் உள்ளவன் சட்டை வாங்குகிறான். அந்தப் பணத்தில் பணமில்லாதவனும் ஆடுகிறான். இது நமக்குப் புதிதல்ல. கோயில் உற்சவத்தில் ஒருவர் உபயம் செய்கிறார், ஊரே சாமி பார்க்கிறது. உபயதாரர் தம்முடைய பெயரை ட்யூப்லைட்டின்மேல் வெளிச்சமே தெரியாத அளவுக்கு எழுதிவைத்துக்கொள்கிறார். எழுதிக்கொள்ளட்டும். அரியாங்குப்பத்துப் பையன் ஒருவன் பைசாச் செலவில்லாமல் பம்பாய்ப் பையனோடு சரிசமமாக ஆட முடிகிறதென்றால், அந்த ட்யூப்லைட்டை நான் மன்னிக்கத் தயார்.

ஆனால் கடைக்காரன் சட்டையோடு நிற்பதில்லை. அடுத்தபடியாகக் காலத்தை விற்கிறான். 2012-ல் வந்த 'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்' விளையாட்டில் ஒரு பாசறை கட்டலாம். முதலில் நொடிகளில் முடியும், பிறகு மணிக்கணக்கில் ஆகும், அதற்கப்புறம் நாட்கணக்கு. காசு கொடுத்து வாங்கிய ரத்தினம் இருந்தால் அந்தக் கணமே கட்டி முடிந்துவிடும். கதை எழுதுகிறவன் என்ற முறையில் இந்த இடத்தில்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. வாசகனுக்கு அலுப்புத் தட்டாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் நாங்கள் ராத்திரியெல்லாம் அடித்து அடித்து எழுதுகிறோம். இங்கே கெட்டிக்காரர்கள் நாலைந்து பேர் கூடி உட்கார்ந்து, அலுப்பை அளவு பார்த்துத் தயாரித்து, அதற்கு மருந்தையும் தாங்களே விற்கிறார்கள். அலுப்பில் ஒரு பகுதி தவறி நேர்ந்ததல்ல. அதுதான் கடையில் இருக்கும் சரக்கு.

அதற்கும் அடுத்தது அதிருஷ்டப் பெட்டி. பையன் என்னிடம் பணம் கேட்டது இதற்குத்தான். ஒரு பெட்டி, அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது, சிவப்புக் கோட்டு ஒன்று இருக்கலாம். காசை நேரே கொடுக்க முடியாது. ரூபாயை முதலில் வைரமாக மாற்றிக்கொள்ள வேண்டும். வைரத்தை அவர்கள் கட்டுக்கட்டாகத்தான் விற்கிறார்கள்; பெட்டியின் விலையோ எந்தக் கட்டுக்கும் சரியாகப் பொருந்தாது. எப்போதும் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சியது வீணாகிறதே என்று இன்னொரு கட்டு வாங்குவோம்.

வாங்கினேன். விமர்சகன் சரக்கை ருசிபார்க்காமல் எழுதலாமா? திரையில் ஒரு சக்கரம் சுழன்றது. சிவப்புக் கோட்டின்மேல் நிற்கப் போவதுபோல் தயங்கி, அதற்கு அடுத்த கட்டத்துக்கு நழுவியது. ஒரு பச்சைப் பை கிடைத்தது. மறுபடியும் சுற்றினேன், ஏதோ தொப்பி. மூன்றாந்தடவையும் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று, முதலில் கிடைத்த அதே பச்சைப் பையைக் கொடுத்தது. "இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்போம்" என்று குரல் கேட்டது. அது பையனுடைய குரல் அல்ல, என்னுடையது. சீட்டுக்கட்டைக் கையால் தொடாமல் அறுபது வயதைத் தாண்டிவிட்டேன் என்று பெருமை பேசிக்கொள்கிற மனுஷன் நான்.

திருவிழாக் கடைத்தெருவில் வளையம் வீசும் கடையைப் பார்த்திருப்பீர்கள். சோப்பு, பவுடர் டப்பா, கடிகாரம் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருப்பான். வளையம் எதன்மேல் முழுசாக விழுகிறதோ அது உங்களுக்கு. கடிகாரத்தின்மேல் அந்த வளையம் விழவே விழாது என்று எல்லாருக்கும் தெரியும், தெரிந்தேதான் வீசுகிறோம். ஆனாலும் வளையம் கண்ணெதிரே இருக்கிறது. அதன் சுற்றளவைப் பார்க்கலாம். எனக்கு ஒரு வளையம், உங்களுக்குக் கொஞ்சம் சின்ன வளையம் என்று அவன் மாற்றிக் கொடுத்தால் பக்கத்தில் நிற்பவன் சட்டையைப் பிடித்துவிடுவான். கைப்பேசிக்குள் இருக்கும் வளையத்தின் அளவு யாருக்கும் தெரியாது. பக்கத்தில் நிற்பவனும் கிடையாது.

மற்ற நாடுகள் இதைக் கவனிக்காமல் இல்லை. சில்லறைப் பரிசுகளை ஒரு தொகுதியாகச் சேர்த்தால்தான் பெரிய பரிசு என்று ஆசைகாட்டும் ஒரு முறை ஜப்பானில் இருந்தது. அது சட்டவிரோதம் என்று அந்நாட்டு அரசு 2012-ல் சொல்லிவிட்டது. எது எத்தனையில் ஒரு பங்கு கிடைக்கும் என்று வெளியிட்டாக வேண்டும் என்று சீனா 2017-ல் விதித்தது. காசு கொடுத்துத் திறக்கும் பெட்டி சூதாட்டமே என்று பெல்ஜியம் 2018-ல் முடிவுசெய்தது. 2022 டிசம்பரில் அமெரிக்காவில் 'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எபிக் கம்பெனி, அரசாங்கத்துடன் ஏற்பட்ட சமரசத்தின்படி 52 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதில் 24.5 கோடி டாலர், ஆடியவர்கள் தங்களை அறியாமலே பொத்தானை அழுத்திப் பொருள் வாங்கும்படி திரையை அமைத்திருந்ததாக எழுந்த புகாருக்காக.

நம்முடைய தேசத்திலும் சட்டம் வந்திருக்கிறது. ரம்மி முதலிய பண ஆட்டங்களால் குடும்பங்கள் அழிவதைக் கண்டு தமிழ்நாடு 2022-ல் ஒரு சட்டம் செய்தது. 2025 பிப்ரவரியில், நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை பண ஆட்டம் கூடாது என்று விதியும் செய்தது. ஆனால் அரியாங்குப்பம் புதுச்சேரியைச் சேர்ந்தது. கடலூர் ரோட்டில் முள்ளோடையைத் தாண்டினால்தான் தமிழ்நாட்டுச் சட்டம். சாராயத்துக்கு ரோட்டில் சோதனைச் சாவடி போடலாம். கைப்பேசிக்கு எங்கே போடுவது? அந்த ஆடி முடிந்த சில நாட்களில், 2025 ஆகஸ்டு 20, 21 தேதிகளில், பார்லிமெண்டின் இரு சபைகளும் தேசம் முழுவதற்குமான மசோதா ஒன்றை நிறைவேற்றின. 22-ந் தேதி ஜனாதிபதியின் சம்மதமும் கிடைத்தது. பணம் கட்டி, பணம் ஜெயிக்கலாம் என்ற ஆசையில் ஆடும் ஆட்டம் திறமையாலானாலும் அதிருஷ்டத்தாலானாலும் கூடாது என்கிறது அந்தச் சட்டம். நடத்துகிறவனுக்குத் தண்டனை உண்டு, ஆடுகிறவனுக்கு இல்லை. சந்தாவோ, நுழைவுக் கட்டணமோ மட்டும் வாங்கிக்கொண்டு நடத்தும் விளையாட்டுக்குத் தடை இல்லை.

வாசல் காசு வேறு, பந்தயக் காசு வேறு என்று சட்டமே பிரித்துப் பார்த்திருப்பது எனக்குச் சந்தோஷந்தான். ஆனால் பையனுடைய பெட்டி இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதில் பணம் ஜெயிக்க முடியாது. ஆகையால் பந்தயமல்ல என்று வாதிக்கலாம். உள்ளே நுழைவதற்கு அது வேண்டியதில்லை; ஆகையால் கட்டணமும் அல்ல. ரம்மியில் தோற்றவனுக்காவது எவ்வளவு தோற்றோம் என்று தெரியும். இங்கே தோற்றோமா என்பதே தெரியாது; கையில்தான் பச்சைப் பை இருக்கிறதே!

மத்தியான்னச் சாப்பாட்டுக்குப் பிறகு நண்பர் என்னை அரிக்கமேட்டுக்கு அழைத்துப் போனார். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் 1945-ல் வீலர் என்ற ஆங்கிலேயர் தோண்டிப் பார்த்த இடம். ரோமாபுரியிலிருந்து மது ஜாடிகள் இங்கே வந்திருக்கின்றன. இங்கே கண்ணாடியிலும் கல்லிலும் மணி செய்து கடல் கடந்து அனுப்பியிருக்கிறார்கள். இந்தியச் சரக்குக்காக வருஷம் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயம் வெளியே போகிறதே என்று பிளினி அந்தக் காலத்தில் அங்கலாய்த்திருக்கிறார். "இப்போ நம்ம ஊர்லேருந்து பணம் போவுது, அங்கேருந்து கண்ணாடி மணி வருது" என்று நண்பர் சிரித்தார். சிரிப்பில் பாதிதான் நியாயம். இரண்டாயிரம் வருஷம் கழித்தும் மணி மண்ணில் கிடைக்கிறது. பச்சைப் பை அந்தக் கம்பெனியின் யந்திரத்துக்குள் இருக்கிறது. யந்திரத்தை நிறுத்தினால் பையும் இல்லை. தோண்டியெடுக்க எந்த வீலராலும் முடியாது.

அந்தப் பையன்கள் ஆடும் ஆட்டத்தில் வேகம் இருக்கிறது, தோழமை இருக்கிறது, ஒரு தீவையே கற்பனையில் கட்டிய சிற்பியின் கை இருக்கிறது. அதைச் செய்தவர்களுக்குக் கூலி போய்ச் சேர வேண்டியதும் நியாயமே. வாசலில் கேட்டிருந்தால் நான் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன். ஆட்டத்துக்குள்ளேயே கை நீட்டும்போது, தீவைக் கட்டிய அதே கை குழியும் வெட்டத் தொடங்கிவிடுகிறது. எது தீவு, எது குழி என்று பன்னிரண்டு வயதுப் பையனுக்கு எப்படித் தெரியும்? எனக்கே மூன்று தடவை தெரியவில்லை.

"எவ்வளவு செலவாச்சு?" என்று நண்பர் கேட்டார். எனக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. வைரக் கணக்குத்தான் நினைவில் இருந்தது. கைப்பேசியில் வந்திருந்த செய்தியைப் பார்த்துவிட்டு, "நானூற்றுச் சொச்சம்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

சாயங்காலம் மூவருமாக வீராம்பட்டினத்துக்குப் போனோம். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்த தேர் அது. கூட்டம் சொல்லி முடியாது. பையன் ராட்டினத்தில் ஏற வேண்டும் என்றான். கீழே ஒருவன் டிக்கெட் கிழித்துக் கொடுத்தான். ராட்டினம் மேலே போயிற்று. உச்சியில் ஒரு கணம் நின்றபோது பையன் கடலைப் பார்த்துக் கூவினான். அங்கே நிறுத்திவைத்து யாரும் அவனிடம் காசு கேட்கவில்லை.